ஏழரை மணி நேரம்

ஈரோடு

அன்புள்ள மாப்ளே,

நீ வைகையில் வந்து மத்தியானம் எழும்பூரில் இறங்குகிறாய், ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். "நடுவுல ஏழரை மணி நேரம் பிள்ளை எங்கடா உக்காந்திருப்பான்?" என்று ஒரே கவலை. ஏழரை என்ற எண்ணே அவளுக்கு ஆகாது. உட்காரவே வேண்டாம் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பெட்டி. அதை இழுத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. எழும்பூரிலிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனே சென்ட்ரல். நேராகப் போய் அங்கே க்ளோக் ரூமில் போட்டுவிடு. பெட்டிக்குப் பூட்டு இல்லையென்றால் வாங்க மாட்டார்கள், டிக்கெட்டும் கேட்பார்கள். எழும்பூரிலேயே போட்டால் ராத்திரி அதற்காகத் திரும்பி வரணும். இன்னொன்று, எழும்பூரில் கட்டுமான வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்துக்கொள். அப்படி நிறுத்தினால் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கு. எதிரேதான் சென்ட்ரல்.

சிநேகிதர்கள் மெரினாவுக்கு இழுப்பார்கள், தி.நகருக்கு இழுப்பார்கள். இரண்டுக்கும் தலையாட்டாதே. சாயங்கால டிராஃபிக்கில் மாட்டினால் ரயிலா கடலா என்று ஆகிவிடும். இரண்டு ஸ்டேஷனையும் சுற்றியே உனக்குப் போதுமானது இருக்கிறது.

பெட்டி போட்டதும் மெட்ரோவில் எழும்பூருக்கே திரும்பிவந்து, பாந்தியன் சாலை மியூசியத்துக்குப் போ. 1851இல் தொடங்கியது. ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. நீ வருவது வியாழன் என்பதால் தப்பித்தாய். உள்ளே ஏகப்பட்ட கட்டடங்கள். எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று ஓடினால் ஒன்றும் மனசில் நிற்காது. வெண்கலச் சிலைக் கூடம் எங்கே என்று கேட்டு, அங்கேயே இரு.

திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்த நடராஜரின் போட்டோக்களைப் பார்த்தே சொக்கிப்போய் எழுதினார். ஆனால் என் ஓட்டு திருவெண்காட்டு அர்த்தநாரிக்கு. மொத்தம் மூன்று கை. ஐயன் பக்கம் இரண்டு, அம்மை பக்கம் ஒன்று. ஆடை ஒரு காலில் தொடையோடு நிற்கும், இன்னொரு காலில் கணுக்கால் வரை இறங்கும். வலது முன்கை ஏதோ ஒன்றின்மேல் சாய்ந்த மாதிரி மடங்கியிருக்கும். சாய்வதற்கு இருந்த காளையைக் காணோம். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் தலைப்பாகை மாதிரி ஜடையைச் சுற்றிக்கொண்டு ஒருவர் நிற்பாரே, உனக்குக் காட்டினேனே, அவரும் திருவெண்காடுதான், அவருடைய காளையும் இல்லை. முன்னாலிருந்து பார்த்தால் போதாது. பக்கவாட்டில் போய் நின்று, இடுப்பு ஒருபக்கம் மட்டும் ஒடிவதைப் பார். ஒரே உடம்பில் இரண்டு நடையை எப்படி வார்த்தான் அந்த ஸ்தபதி!

ஐந்து மணிக்கு வெளியே வந்தால் பசிக்கும். எழும்பூரில் பீச் போகும் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறு. அந்த நேரத்தில் கூட்டமெல்லாம் தாம்பரம் பக்கம்தான் போகும். பார்க், கோட்டை, அடுத்தது பீச். பீச் என்ற பெயரை நம்பி மணலைத் தேடாதே, எதிரே ஹார்பர். அந்தப் பக்கத்துத் தெருக்களில் அத்தோ வண்டிகள் இருக்கும். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்தபிறகு, அங்கே தலைமுறையாய் இருந்த நம் ஆட்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. ஆரஞ்சு நிற நூடுல்ஸை அள்ளிப் போட்டு, பொடியாக அரிந்த முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைவார்கள். மேலே பேஜோவை நொறுக்கிப் போடுவார்கள், நம் தட்டை மாதிரி. கூட வாழைத்தண்டு சூப், சுடச்சுட. நான் அங்கே ஒரு கடையில் வேலை பார்த்த காலத்தில் மாசக் கடைசியில் என்னைக் காப்பாற்றிய சாப்பாடு. நீ மட்டும் காரத்தைக் குறைக்கச் சொல். டெல்லி போய்ச் சேர இரண்டு ராத்திரி ரயிலில் இருக்கணும், பச்சைக் கோஸ் வேறு.

மிச்ச நேரம் பாரிமுனையில் சும்மா நட. எட்டரைக்குள் பீச்சிலேயே திரும்ப ஏறிவிடு. வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் உட்கார இடம் கிடைக்கும். இரண்டாவது ஸ்டேஷன் பார்க். சுரங்கப்பாதையில் கடந்தால் சென்ட்ரல். பெட்டியை எடுத்து, தண்ணி பாட்டில் வாங்கி, ஒன்பதரைக்கு உன் கோச் வாசலில் நிற்கணும்.

அக்கா கேட்டால் மியூசியம் போனதை விலாவாரியாகச் சொல். ரோட்டுக்கடையில் சாப்பிட்டதை டெல்லி போய்ச் சேர்ந்து, வயிறு சரியாக இருக்கிறது என்று தெரிந்தபிறகு சொன்னால் போதும். யார் சொல்லிச் சாப்பிட்டாய் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அன்புடன்,
மாமா