கோடைக்கானலின் கடைசிப் புள்ளி

திஸ்கி என்ற பெயரை இப்போது இருபது வயதில் இருப்பவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். யூனிகோடு பரவுவதற்கு முன், மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பலவும் அந்தக் குறியேற்றத்தில்தான் வந்தன. என் சித்தப்பாவும் அதில்தான் தட்டினார். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் என்று பழனி மலையில் நடந்து நடந்து சேர்த்த ஓடைப் பெயர்கள், பாறைப் பெயர்கள். அவர் இப்போது இல்லை. கோப்பு இருக்கிறது. திறந்தால் ஐரோப்பிய எழுத்துகள் இறைந்து கிடக்கும்.

அதை யூனிகோடுக்கு மாற்ற சி மொழியில் நிரல் எழுதினால், முதல் கேள்வி: விடைக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது? திஸ்கியில் ஒரு குறிக்கு 1 பைட். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். அப்போ மூன்று மடங்கு போதும்னுதான் யாருக்கும் தோன்றும்.

‘கோடைக்கானல்’ திஸ்கியில் 10 பைட். மூன்று மடங்கு 30. ஆனால் யூனிகோடில் அது 11 குறி, 33 பைட். ‘கோ’வின் இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகி ஒன்று குறைகிறது; திஸ்கியில் ஒற்றை பைட்டாக இருந்த க், ல் இரண்டும் எழுத்து, புள்ளி எனப் பிரிந்து இரண்டு கூடுகிறது. 30இல் நிறுத்தினால் கடைசிப் புள்ளி விழுந்து ‘கோடைக்கானல’ என்று நிற்கும். நிறுத்தாமல் எழுதினால் அந்த 3 பைட்டும் பக்கத்து நினைவகத்தில் போய் உட்காரும். அங்கே என்ன இருந்தது என்பது நிரல் எப்போதாவது விழும்போதுதான் தெரியும். ‘ஸ்ரீ’ இன்னும் மோசம்: 1 பைட் 12 ஆகிறது.

அதனால் மடங்குக் கணக்கை நம்பக் கூடாது. ஐகான்வ் செயற்கூறு இடம் தீர்ந்தால் பிழைக்குறி தந்து நிற்கும். ரீஅலாக் மூலம் பெரிதாக்கித் தொடரலாம். பெரிதாக்கும்போது நினைவகம் இடம் மாறிவிடலாம் என்பதால், எதுவரை எழுதினோம் என்பதை முகவரியாக அல்லாமல் தூரமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐகான்வ் சுட்டியை நகர்த்திக்கொண்டே போகும். விடுவிக்கும்போது கொடுக்க வேண்டியது தொடக்க முகவரி. முடிவுக்கான சுழியை அது போடாது, நாம்தான் போட வேண்டும்.

இன்னொன்று. திஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும். மாற்றி அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததுக்குக் காத்திருக்கும். கோப்பு முடிந்ததும் உள்ளீடு இல்லாமல் ஒருமுறை கூப்பிட்டால்தான் மிச்சத்தைக் கொடுக்கும். கூப்பிடாமல் விட்டால், பட்டியலின் கடைசிப் பெயரில் ஓர் எழுத்து குறையலாம். அது தப்பு என்று சொல்லத் தெரிந்தவர் சித்தப்பா ஒருத்தர்தான்.