ஒரு கைப் புளி

புதன்கிழமை பின்னேரங்களில் எங்கட போர்டிங் குசினியில் கூடுவம். ஆளுக்கொரு சமையல் முறை சொல்ல வேணும். குலுக்கலில் பெயர் விழுகிறவைக்கு ஒரு பைக்கற் ஒடியல்மா பரிசு. 2022 காஸ் தட்டுப்பாட்டில் அக்காமார் ஒரே விறகடுப்பில் சேர்ந்து சமைக்கத் தொடங்கினதில் வந்த பழக்கம் இது.

போன கிழமை ஒடியல் கூழ். மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணியை வடிக்கிறது வரை தோழி சரியாகச் சொன்னாள்.

“புளி எவ்வளவு?”

“அம்மா ஒரு கை போடுவா. நான் அளந்து வைக்கேல்ல. இப்ப கேட்க அவ இல்லை.”

அன்றைக்குக் குலுக்கல் போடேல்ல. பரிசு மாவிலேயே கூழ் காய்ச்சினம். புளிக்கரைசலைக் கரண்டி கரண்டியாக விட, அவள் ருசி பார்த்தாள். ஏழாவது கரண்டியில் “இதுதான்” என்றாள். எழுதி வைத்தம்.

சனி ஞாயிறு வீட்டுக்குப் போறவை, அம்மாவின் கையளவை ஒருக்கா அளந்து கொண்டு வாங்கோ.