நரம்பைக் காட்டும் திரை

வலியை மரக்கச் செய்யும் மருந்து கையிலிருந்தும், அதை உடலுக்குள் எவ்விடத்தில் வைப்பது என்பதைக் கண்ணால் காண முடியாமல் மருத்துவம் ஏறத்தாழ நூறாண்டுகள் தடவிக்கொண்டிருந்தது. 1884-இல் கார்ல் கோல்லர் கண் அறுவைக்குக் கொக்கெய்ன் கரைசல் பயன்படும் என்பதை நிறுவினார். அடுத்த சில மாதங்களிலேயே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அதே மருந்தை நரம்புகளின் அருகே செலுத்தி, உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்தார். தம்மீதே சோதித்துப் பார்த்ததற்கு விலையாக, அவர் வாழ்நாளின் எஞ்சிய பகுதி போதைப் பழக்கத்தோடு போராடுவதில் கழிந்தது. மயக்கவியல் வரலாறு எழுதுவோர் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர்; ஒரு வரிக்குரிய செய்தியன்று அது.

பின்வந்த பல பத்தாண்டுகளில், ஊசிமுனை நரம்பை அடைந்ததா என்பதற்கு நோயாளியின் துடிப்பே சான்று. விரல்நுனி வரை மின்னல் பாய்ந்ததுபோல் அவர் அதிர்ந்தால் இடம் சரி என்று கொள்ளப்பட்டது. அதன்பின் நரம்பைத் தூண்டும் சிறு மின்கருவி வந்தது. மின்னோட்டத்தில் தசை துள்ளினால் நரம்பு அருகிலிருக்கிறது. ஆனால் தொடையெலும்பு முறிந்து கிடப்பவரின் தசையைத் துள்ளச்செய்வது, வலியைத் தணிக்கும் முன் அதைப் பெருக்குவதாகும். 1978-இல் டாப்ளர் ஒலியால் தமனியின் இடமறிந்து, அதன் துணையால் கழுத்தடி நரம்புப் பின்னலுக்கு மருந்து செலுத்தினர். 1994-இல் வியன்னா மருத்துவர்கள் மீயொலித் திரையில் பார்த்தவாறே அப்பின்னலைச் சுற்றி மருந்து செலுத்தியதை வெளியிட்டனர்.

அத்திரையில் தெரிவது என்ன? தொடையின் மேற்புறத்தில் கருவியை வைத்தால் துடிக்கும் கருவட்டம் ஒன்று தோன்றும், அது தமனி. அதன் உட்புறத்தில், அழுத்தினால் நசுங்கும் மற்றொரு கருவட்டம் சிரை. தமனிக்கு வெளிப்புறமாக, தேன்கூடுபோல் வெண்புள்ளிகள் செறிந்த பட்டை ஒன்று கிடக்கும்; அதுவே தொடை நரம்பு. ஊசி வெண்கோடாக நுழையும். ஒலிக்கற்றையின் தளம் தாள்போல் மெலிந்தது. ஊசி சற்றே விலகினாலும் கோடு மறைந்துவிடும். தேர்ந்த கை அப்போது நின்றுவிடும். தேராத கை தொடர்ந்து செல்லும். மருந்து இறங்கும்போது சவ்வு கருநீராய்ப் பிரிந்து விரிவதைக் காண்பதில்தான் இம்முறையின் முழுப் பயனும் இருக்கிறது. குருதிநாளத்திற்குள் தவறிச் சென்றால் புபிவக்கெய்ன் போன்ற மருந்து இதயத்தையே நிறுத்த வல்லது. அதற்கு மாற்றாகக் கொழுப்புக் குழம்பைச் சிரைவழி செலுத்துகின்றனர் என்றாலும், அந்நிலை நேராமல் காப்பது கண்.

வியன்னாக் கட்டுரை வெளிவந்த அதே 1994-இல்தான் இந்திய நாடாளுமன்றம் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. மகாராஷ்டிரம் 1988-இலேயே தனக்கென ஒரு சட்டம் கண்டிருந்தது. 1991 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000 பேருக்கு 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001-இல் 927 பேரே இருந்தனர். சட்டம் கடுமையானதில் வியப்பில்லை. 2003-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்திற்குப் பின், பதிவு பெறாத எவருக்கும் மீயொலிக் கருவியை விற்கக் கூடாது. நரம்பைப் பார்க்க வாங்கினாலும் விதி அதுவே. சட்டம் தடுக்க முனைவது கருவைப் பார்க்கும் ஒரு செயலை. அது பிடித்துவைத்திருப்பதோ கருவியை.

இதற்கு மயக்கவியலார் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றுண்டு: நரம்பைக் காட்டும் உயர் அதிர்வெண் முனை சில சென்டிமீட்டர் ஆழமே பார்க்கும், கருவைப் பார்க்கத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட வளைமுனை வேண்டும். அறிவியல் சரியே, வாதம் வலுவற்றது. அதே கருவியில் வேறு முனையைப் பொருத்த ஒரு நிமிடம் போதும். இல்லாமற்போன பெண் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு முன்னால் ஒரு தொழிலின் நல்லெண்ணத்தை மட்டும் பிணையாக வைக்க முடியாது. பதிவேட்டுப் பிழைகளும் குற்றமாவதை எதிர்த்து மகப்பேற்று மருத்துவர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கை 2019-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்ததன் பின்னும் இக்கவலையே நின்றது.

ஆயினும் ஒரு வேறுபாடு பேசப்படுவதில்லை. பதிவு பெற்ற மருத்துவமனையின் வளாகத்திற்குள், உள்நோயாளிகளுக்குக் கையடக்கக் கருவியைப் பயன்படுத்த விதி இடம் தருகிறது. பெரிய மருத்துவமனைகளில் கருவி அறைக்குள் பூட்டிக் கிடப்பதற்குச் சட்டத்தினும் சட்டத்தைப் பற்றிய அச்சமே பெருங்காரணம். உண்மையான முட்டுக்கட்டை வேறிடத்தில் உள்ளது. சிற்றூர் நர்சிங் ஹோம்கள் பலவற்றில் நிலையான மயக்கவியலார் இல்லை. அழைத்தால் வருபவர் ஒருவர், ஒரே நாளில் மூன்று நான்கு இடங்களுக்குச் செல்வார். அவர் தம் கருவியைப் பையில் எடுத்துச் செல்லக் கூடாது. மீறினால் கருவி முத்திரையிடப்படும். மூன்றாண்டுவரை சிறைக்கும் இடமுண்டு. படம் திறக்கவியலாதபடி முனையைப் பூட்டும் மென்பொருளோ, பயன்பாட்டைத் தானே பதியும் கருவியோ இயலாதவை அல்ல. அதைக் கேட்கும் குரல்தான் மெலிந்திருக்கிறது. முதியவர்களின் இடுப்பு முறிவுக்குச் சங்கம் எதுவும் இல்லை.

மராட்வாடாவின் சிறு நகரொன்றில் அத்தகைய மருத்துவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். எண்பது வயது மூதாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பின் கழுத்து முறிந்து வந்திருக்கிறார். ஓபியாய்டு மருந்து மூச்சைத் தளர்த்தலாம், மனத்தைக் குழப்பலாம். வலிமாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். அவர் கூச்சலிடவில்லை, அதனாலேயே வலி குறைவு என எல்லோரும் கருதிவிட்டனர். போர்வையை உயர்த்தும்போது மட்டும் அவர் கை கட்டில் விளிம்பை இறுகப் பற்றுகிறது.

மருத்துவர் பழைய வழியை மேற்கொள்கிறார். 1989-இல் டாலன்ஸ் என்பவர் குழந்தைகளிடம் விவரித்த முறை அது: மழுங்கிய ஊசி இரு சவ்வுகளைக் கடக்கும்போது கைக்கு இரண்டு சிறு சொடுக்குகள் தெரியும், அங்கே 30 முதல் 40 மில்லி லிட்டர் நீர்த்த மருந்து. முதல் சொடுக்கு தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது தெரிந்ததுபோல் இருந்தது.

இருபது நிமிடம் கழித்து ஈரப்பஞ்சால் தொடையைத் தொட்டுக் கேட்கிறார்:

“ஆஜி, குளிருகிறதா?”

“முன்பக்கம் தெரியவில்லை, பாளா. இந்த வெளிப்பக்கம் நன்றாகக் குளிருகிறது.”

எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுசெல்ல ஸ்ட்ரெச்சர் வாயிலில் வந்து நிற்கிறது. இன்னும் பத்து நிமிடம் பொறுக்குமாறு மருத்துவர் கையைக் காட்டுகிறார்.