அவலாஞ்சி ஏரியும் ஒரு கேள்வியும்

தண்ணின்னா எனக்கு பயம். ஏழு வயசுல எங்க ஊர் கிணத்துல விழுந்து, மாமா தலைமுடியப் புடிச்சு மேல இழுத்துப் போட்ட நாள்லேர்ந்து. 1994ல குற்றாலீஸ்வரன் 12 வயசுல பாக் நீரிணையை நீந்தினப்போ, அம்மா பேப்பரைக் காட்டி "உன் வயசுதான்டா"ன்னாங்க. நான் அப்பவும் வாளித் தண்ணியிலதான் குளிச்சுக்கிட்டிருந்தேன் :-)

நாப்பது வயசுல குடும்பத்தோட அவலாஞ்சி போனோம். சுத்தி சோலைக்காடு, நடுவுல குந்தா மின்திட்டத்துக்காகத் தேக்கின ஏரி. அடி தெரியாத கரும்பச்சைத் தண்ணி. எல்லாரும் போட்டோ எடுக்க, நான் மட்டும் பத்தடி தள்ளியே நின்னேன். பொண்ணு கேட்டா, "அப்பா, நான் உள்ள விழுந்தா நீ வருவியா?"

பதில் சொல்ல வாய் வரல.

ஊருக்கு வந்ததும் அதே மாமா, அதே கிணறு, இடுப்புல லாரி ட்யூப். மூணு நாள் வெறுமனே மல்லாந்து மிதந்ததுதான் பாடம். நாலாம் நாள் ட்யூப்பைக் கழட்டிட்டார். கீழ எவ்வளவு ஆழம்னு நினைச்சதுமே உடம்பு விறைச்சு, ஒரு வாய் தண்ணி உள்ள போச்சு. "ஆறடியோ அறுபதடியோ, நீ மிதக்கறது மேலதானடா. மூச்சை நெஞ்சுல புடி"ன்னு கத்தினார். புடிச்சேன். காது வரைக்கும் தண்ணி, மேல வட்டமா வானம்.

போன மாசம் மறுபடி அவலாஞ்சி. 2019 ஆகஸ்ட் 8ல ஒரே நாள்ல 82 செ.மீ. மழை கொட்டின இடம். ஏரியில இறங்க அனுமதி கிடையாது, அதுவும் நல்லதுக்குத்தான். அந்தக் குளிர், நல்லா நீந்தறவனுக்கே முதல் நிமிஷம் மூச்சுத் திணறும். பயம் இன்னும் இருக்கு. ஆனா இந்தத் தடவை கரையோரத்துலயே நின்னேன்.

பொண்ணு எதுவும் கேக்கல. நானாத்தான் சொன்னேன், "வருவேன்டா."