பிள்ளையின் பெயர் ஏன் பாதியில் அறுந்தது?



பரிசளிப்புச் சான்றிதழ்களில் சில பிள்ளைகளின் பெயர் அரைகுறையாக வந்தது பற்றிப் பெற்றோர் கேட்டிருந்தீர்கள். "இது என்ட புள்ளட பேரில்லையே டீச்சர்" என்று ஓர் உம்மா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. நேர்முகத்துக்குப் போகும்போது கோவையில் வைக்கிற தாள் அல்லவா!

வகுப்பாசிரியர்கள் சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கணினிப் பாடம் எடுக்கும் நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று தரவைக் கைமாற்றும் இடத்தில்தான் கோளாறு.

பட்டியலை வாசிப்பது பைதன் ஸ்கிரிப்ட். உயர்தரப் பிள்ளைகள் படிக்கும் அதே பைதன்தான். அச்சுக்கு அமைப்பது சி மொழியில் எழுதிய ஒரு பிளகின். இரண்டும் சேர்த்தே வெளியில் வாங்கியவை. பைதனுக்குப் பெயர் எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை. சி மொழியில் இத்தனை பைட் என்று முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். இதில் பெயருக்கு 32. முடிவுக் குறிக்கு ஒன்று போக மிச்சம் 31.

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூரிஎப்-8 முறையில் தமிழுக்கு 3. அதிலும் குற்று, அரவு, விசிறி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'மா' என்றாலே 6. பாத்திமா ஸஹ்ரா என்றொரு பிள்ளை என்று வையுங்கள். 'பாத்திமா' 24, இடைவெளி 1, 'ஸஹ்ரா' 15. மொத்தம் 40. 31இல் வெட்டினால் 'பாத்திமா ஸஹ'. ஆங்கிலத்தில் இதே பெயர் 13 பைட்டில் முடிந்துவிடும். விற்றவர்கள் ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டுப் பார்த்திருப்பார்கள் போல.

சேர்விலக்கமும் இப்படித்தான். 00745ஐ எண்ணாகக் கொடுத்தால் 745 ஆகிவிடும். அதை எழுத்தாகத்தான் கொடுக்க வேண்டும். பிளகின் திருப்பித் தரும் சராசரி தசம எண் என்று சொல்லாவிட்டால், பைதனின் சீடைப்ஸ் அதை முழு எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். 78.5 வரவேண்டிய இடத்தில் தலைகால் புரியாத ஓர் இலக்கம் வரும். ஐசிடி செய்யும் பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கலாம்.

இலக்கம், சராசரி இரண்டையும் ஸ்கிரிப்டில் திருத்திவிட்டோம். பிளகினின் மூலநிரல் எங்களிடம் இல்லை. பெயருக்கான இடத்தைக் கூட்டித் தரும்படி கேட்டிருக்கிறோம். அதுவரை 31 பைட்டைத் தாண்டும் பெயர்களை ஸ்கிரிப்ட் எண்ணிப் பிரித்து வைக்கும். அந்தச் சான்றிதழ்களை அழகாக எழுதக்கூடிய ஓர் ஆசிரியர் கையால் எழுதித் தருவார். அறுந்த தாளை வைத்திருப்பவர்கள், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியோடு திங்கட்கிழமை முதல் அலுவலகத்தில் கொடுங்கள்.