உருளையின் உயரம்

ஒகஸ்ட் 9
கச்சான் காற்று இன்னும் விடவில்லை. தேயிலைத் தோட்டத்து எரு முற்றத்தில் குவியலின் மேற்பக்கம் காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடக்கிறது. உள்ளே கை வைத்தால் சுடுகிறது. இந்த நாட்களில் அடிக்கடி புரட்டினால் இருக்கிற ஈரத்தையும் காற்றே வாங்கிக்கொண்டு போகும். நூற்றுக்கு 50, 60 என்ற கணக்கில் ஈரம் வேண்டும். பிடியளவு எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும். தண்ணீர் பவுசர் முன்னே, புரட்டும் இயந்திரம் பின்னே என்று ஓட்டச் சொன்னேன்.

"ஐயா, முதல் கியர்லதானே போறேன்" என்றான் டிரைவர் தம்பி. முதல் கியரே இதற்கு ஓட்டம்தான். புரட்டும் இயந்திரத்தைச் சுழற்றும் டிரக்டரின் பின்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்ற வேண்டும், டிரக்டரோ ஆள் நடையை விட மெதுவாய் ஊர வேண்டும். அதற்கென்று ஊர்வு கியர் உள்ள டிரக்டர் தேவை. என்ஜினைத் தணித்து மெதுவாக்கினால் இயந்திரத்தின் உருளையும் சோர்ந்து, எருவைத் தூக்கிப் போடாமல் தள்ளிக்கொண்டு போகும்.

ஒகஸ்ட் 14
மானாப்புல் லோட் வந்தது. வெட்டாமல் கொட்டிவிட்டார்கள். உருளையின் இரு முனையிலும் கயிறாய்ச் சுற்றி, பெயாரிங் சீலுக்குள் புகப் பார்த்தது. என்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் தம்பியைக் கத்தியோடு குனியவிட்டேன். இனிப் புல்லை வெட்டும் மெஷினில் கொடுத்து விரலளவு துண்டாக்காமல் முற்றத்துக்கு வரக்கூடாது.

உருளையை இரண்டு அங்குலம் உயர்த்தி முதல் ஓட்டம், இறக்கி மறு ஓட்டம். புல்லுக்கு அதுதான் சரி. ஒரேயடியாய் அடிமட்டம் வரை கடிக்கவிட்டால் டிரக்டர் திணறும்.

ஒகஸ்ட் 15
எருக் குவியலைப் பார்க்க 2021 நினைவுக்கு வந்தது. இலங்கை அரசு மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் தடையை விலக்கியது. யூரியா 50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைதரசன். அதையே எருவில் கொடுக்க ஒரு டன்னுக்கு மேல், தரம் குறைந்தால் இரண்டு டன்னுக்கும் மேல் வேண்டும். அதைச் சரிவில் ஏற்றுவது யார் தலை? ஊவாவிலேயே ஹல்துமுல்லைப் பக்கம் 1980களின் கடைசியில் இயற்கைத் தேயிலைக்கு மாறிய தோட்டங்கள் உண்டு. அது தாமாய் எடுத்த முடிவு. 2021 தடையோ வர்த்தமானியில் வந்தது. 2021இல் 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த நாட்டின் தேயிலை, மறு வருடம் 25 கோடிக்கு இறங்கியது. டீசல் தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு.

செப்டெம்பர் 2
பெக்டரிக் கழிவுத் தேயிலை. தூளாய்ப் பறக்கும், நனைந்தால் களியாய் இறுகும். தனியே புரட்டுவது வீண். மகியங்கனை வைக்கோலோடு சேர்த்தால் காற்றுப் போக இடம் கிடைக்கிறது. ஓட்டம் முடிந்ததும் ரேடியேட்டரை ஊதித் துடைக்க வேண்டும், இல்லையென்றால் மத்தியானத்துக்குள் கொதிக்கும்.

அடுப்புச் சாம்பலையும் இதில் கொட்டலாமா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றேன். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், pH 4.5 முதல் 5.5 வரை. சாம்பல் அதைக் கெடுக்கும். கோழி எருவோடு சேர்ந்தால் நைதரசனையும் வாயுவாய் விரட்டும்.

ஒக்டோபர் 21
மழை பிடித்துவிட்டது. முற்றம் சேறு. கவ்வாத்து மிலாறு ஒன்று உருளைக்குள் போய்ப் பாதுகாப்பு போல்ட் வெட்டுப்பட்டது. வெட்டுப்படத்தான் அதைப் போட்டிருக்கிறது. அடிக்கடி வெட்டுகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த கட்டை கியர்ப்பெட்டியைத்தான் உடைக்கும்.

உருளையின் தேய்ந்த அடிப்பான்களை எதிரெதிராய் ஜோடி ஜோடியாக மாற்றினோம். ஒருபக்கம் மட்டும் புதிது போட்டால் உருளை அதிரும், அதிர்வு பெயாரிங்கைத் தின்னும். சாணி ஈரம் இரும்பை அரிப்பதால் கழுவிக் காயவைத்து, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதுக் கிரீஸ் அடித்தோம்.

சாதாரண இரும்பு போல்ட் ஒரு பெட்டி வாங்கத் தம்பியைப் பசறைக்கு அனுப்பினேன். கடைக்காரர் "நல்ல சரக்கு" என்று கெட்டியானதை நீட்டுவார். வாங்காதே என்று சீட்டில் எழுதியே கொடுத்திருக்கிறேன்.