கோலிற் படிந்த கை

பழைய பொருளொன்றைச் செப்பனிடுதல் வேறு, அதனைப் புதிதாக்குதல் வேறு. ஏட்டுச் சுவடிகளைப் பேணுவோர் இவ்வேறுபாட்டை நன்கறிவர். ஆயின், விளையாட்டுக் கருவியொன்று தொடர்பாக இதனைச் சிந்திக்க நேரும் என நான் எண்ணியதில்லை. பில்லியட் ஆடும் பழைய கோலொன்றைச் செப்பனிட முற்பட்டபோதுதான், எதனை நீக்குவது, எதனை விட்டுவைப்பது என்னும் வினா எத்துணைக் கடினமானது என்பது எனக்குப் புலனாயிற்று.

அக்கோல் என் பெரியப்பாவுடையது. மலையகத்தில் தோட்டத்துரைமார் கூடும் கிளப் ஒன்றிலே அவர் மார்க்கராகப் பணியாற்றினார். மேசையின் பச்சைத் துணியைத் தூரிகையால் நீவுதல், பந்துகளை உரிய இடத்தில் வைத்தல், ஆடுவோரின் புள்ளிகளை உரத்துக் கூறிப் பலகையிற் குறித்தல், கோல்களுக்குத் தோல் நுனி ஒட்டுதல் ஆகியன மார்க்கரின் கடமைகள். எதிராளி கிடைக்காத மழைநாள் மாலைகளில் துரைமாருடன் ஆடுவதும் அவர் கடமையே. அங்கத்தவராக அக்கிளப்பினுள் நுழையும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. எனினும், அம்மேசையை அவரளவுக்கு அறிந்தவர் அங்கத்தவருள் எவருமிலர் என்று என் தந்தையார் கூறுவதுண்டு. 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குத் திரும்பிய துரை ஒருவர் தமது கோலை அவருக்குக் கொடுத்துச் சென்றார். அடுத்த 20 ஆண்டுகள் பெரியப்பா அதனாலேயே ஆடினார்.

இவ்வாட்டத்தில் நம் நாடு உலகப் புகழ் பெற்றதுமுண்டு. 1973இல் பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியட் போட்டியில் இலங்கையரான எம். ஜே. எம். லாபீர் வாகை சூடினார். அத்தகைய வெற்றிகளைப் பதிந்துவைக்க ஏடுகள் உண்டு. ஆனால், பிறர் புள்ளிகளைக் குறித்து நின்ற மார்க்கரின் புள்ளிகளை எவரும் குறித்து வைக்கவில்லை.

1964ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு உரியோராக வகுத்தது. அக்கணக்கில் அடங்கிய பெரியப்பாவின் குடும்பம் 1976இல் தலைமன்னாரிற் கப்பலேறியது. அவர் பிறந்தது இந்நாட்டிலே. ஆயினும் அங்கே அவருக்குக் கிடைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’ என்பது. இத்தகையோருக்கென 1968 முதல் நீலகிரியில் தமிழ்நாட்டரசு அமைத்த தேயிலைத் தோட்டமொன்றில் அவர் தொழிலாளியானார். கோலோ ஒரே துண்டானது; நீளம் 4 அடி 9 அங்குலம். தகரப் பெட்டியுள் அது அடங்கவில்லை. “நீ வைத்திரு” என்று தம்பியின் கையிற் கொடுத்துச் சென்றார். அண்மையில் அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறையானவர், “அப்பாவின் கோலைப் புதிது போலாக்கி அனுப்பு” எனக் கேட்டுக்கொண்டார்.

கோலின் அமைப்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். முற்காலத்திலே தலை பருத்த தடியாற் பந்தைத் தள்ளியே ஆடினர். மேசையின் ஓரத்தை ஒட்டி நின்ற பந்தை அடிப்பதற்கு அத்தடியைத் திருப்பி, அதன் வாற்புறத்தாற் குத்தினர். வால் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே ‘கியூ’ என்னும் பெயர் பிறந்தது. ஆங்கிலேயரின் கோலில் முன்பகுதி ஆஷ் மரம், பிடிப்பகுதி கருங்காலி. கருங்காலித் துண்டுகள் நான்கு ஆஷ் மரத்தின்மீது கூர்நுனிகளாக ஏறிப் பொருந்தும். பொறியால் இணைக்கப்பட்ட கோலில் அந்நுனிகள் ஊசிபோற் கூர்மையாயிருக்கும். கையால் இணைக்கப்பட்டதில் சற்றே வளைந்து மழுங்கியிருக்கும். எங்கள் கோல் பின்னைய வகையினது.

பல்லாண்டுகள் அலுமாரியின் பின்னே சாத்தியிருந்தமையால் அது சிறிது வளைந்திருந்தது. கருங்காலி நுனியொன்று பசைவிட்டிருந்தது. தோல் நுனி கல்லாய் இறுகியிருந்தது. முன்பகுதியில் வியர்வையும் சுண்ணமும் கலந்த பழுப்புக் கறை படிந்திருந்தது. பிடியிலுள்ள சிறு தகட்டில் துரையினுடைய பெயரின் முதலெழுத்துகள் தெளிவாய் நின்றன. பெரியப்பாவின் பெயர் எங்கும் இல்லை. ஆனால், அத்தகட்டுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷ் முற்றாகத் தேய்ந்து, கருங்காலி ஆற்றுக்கல்லைப் போல மின்னியது. ஒருபுறம் மிகுதியாகவும் மறுபுறம் குறைவாகவும் இருந்தது அத்தேய்வு. தகட்டை எப்போதும் மேனோக்கி வைத்து, ஒரே விதமாகப் பிடித்து ஆடியவரின் கை அது.

உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் வார்னிஷ் பூசினால் அண்ணன் விரும்பியவாறு கோல் புதிதாகும். அவ்வாறாயின் எஞ்சுவது துரையின் எழுத்து. அழிவது பெரியப்பாவின் கை. இதனை அண்ணனுக்கு எழுதினேன். “அப்படியானால் அந்தத் தகட்டையும் பெயர்த்து விடு” என்று பதில் வந்தது. அவர் சினத்தின் நியாயம் எனக்கு விளங்கியது. ஆயினும் அதனையும் நான் செய்யவில்லை. கொடுத்தவர் பெயரை நீக்கினால், பெரியப்பா தமக்கெனக் கோலொன்றை வாங்க இயலாத நிலையில் இருந்தார் என்ற செய்தியும் உடன் மறையும்.

ஆகவே, ஈரந்தோய்த்துப் பிழிந்த துணியாற் கறையின் மேற்படலத்தை மட்டுமே துடைத்தேன். உப்புத்தாளைத் தொடவில்லை, மெல்லிய முனை அரை மில்லிமீற்றர் குறைந்தாலும் கோலின் இயல்பு மாறிவிடும். பசைவிட்ட நுனியை வச்சிரத்தால் ஒட்டினேன். வெம்மையும் ஈரமும் பட்டால் வச்சிரம் இளகும். ஆதலால் நாளை வேறொருவர் திருத்த விரும்பினும் இயலும். தோல் நுனியை மட்டும் தயக்கமின்றி மாற்றினேன். தேய்ந்து மாற்றப்படுவதே அதன் இயல்பு. பெரியப்பாவே அதனைப் பலமுறை மாற்றியிருப்பார். இறுதியில் ஆளிவிதை எண்ணெயைச் சில துளிகள் தேய்த்தேன். சிறு வளைவை அப்படியே விட்டேன்.

அனுப்பும் வேளையில், கடைசற்காரர் ஒருவர் கோலை நடுவே அறுத்துப் பித்தளைப் பூட்டுப் பொருத்தித் தருவதாகக் கூறினார். இரு துண்டானால் எப்பெட்டியிலும் அடங்கும் என்பது அவர் வாதம். பழைய கோல்கள் பல இவ்வாறு அறுக்கப்பட்டனவே. ஆனால், பெட்டியில் அடங்காத அந்நீளத்தினாலேயே அக்கோல் பெரியப்பாவோடு கடல் கடக்காமல் இங்கு தங்கியது. நீண்ட பிளாஸ்ரிக் குழாயொன்றினுள் அதனை முழுமையாகவே இட்டு நீலகிரிக்கு அனுப்பினேன்.